ஏழாம் குவியல்

மலை மேல் வேலை பார்ப்பவர்களைக் கண்டால் கீழே இருப்பவர்களுக்கு ஒரு பொறாமை. காசு கொடுத்தாலும் கிடைக்காத காற்றாயிற்றே என்பார்கள். அட்டை கடித்த காலைச் சொறிந்துகொண்டு, ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்து, ஒரு மழைக்காலம் முழுக்கக் காயாத துணியையே மாற்றி மாற்றி உடுத்திப் பார்த்தால் அந்தப் பேச்சு தானாக நின்றுவிடும். காட்டிலாகா வாட்சருக்கும் அவர் மனைவிக்கும் அப்படி எத்தனையோ மழைக்காலங்கள் போய்விட்டன. காப்புக்காட்டில் கடைசியாக இருக்கிற காவல் குடியிருப்பு அவர்களுடையது. இரண்டு அறை, தகரக் கூரை, பின்பக்கம் சமையலுக்கு ஒரு சாய்ப்பு. அதற்கு மேலே மனிதர் யாரும் தங்கக் கூடாது என்பது சட்டம். பன்றிக்கும் கரடிக்கும் அந்தச் சட்டம் கிடையாது.

குடியிருப்பிலிருந்து ஏறிப் போனால் மரங்கள் நின்று புல் தொடங்கும். அங்கே மாட்டு முதுகுபோல நீண்ட மேடு ஒன்று. அந்த மேட்டில்தான் கற்குவியல்கள். பெரிய கற்களை வட்டமாக அடுக்கி, நடுவில் சின்னக் கற்களை நிரப்பி, ஒரு பக்கத்தில் மட்டும் பலகைக்கல் ஒன்றை நட்டு வைத்திருக்கும். யார் எப்போது வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. காட்டிலாகாவுக்குத் தெரிந்ததெல்லாம் ‘தொடாதே’ என்ற ஒரு சொல்தான். சுற்றி வரும்போது பன்றி முட்டிச் சரித்த கல்லைத் திரும்ப அதனதன் இடத்தில் வைப்பது வாட்சரின் வேலையில் சேர்த்தி. செய்து செய்து அவர் கைக்கு அந்த அடுக்கு பழகிவிட்டது. எந்தக் கல் அடியில், எது மேலே என்று கை தானாகவே தேடும்.

அந்த வருஷம் மழை விட்டு வெயில் தலைகாட்டியதும் அந்தக் குவியல்களைத் தோண்டிப் பார்க்க ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். தலைமைக்கு ஓர் அம்மாள். ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவர். அது தெரியாமல் வாட்சரின் மைத்துனன் முதல் நாளே பல்வலி என்று அவர் எதிரில் வாயைத் திறந்து காட்டினான்.

“நான் செத்தவங்களுக்கு மட்டும் பாக்கற டாக்டர்ப்பா. நீ இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்க,” என்றார் அவர். சொல்லிவிட்டு, பையிலிருந்து வலி மாத்திரையும் கொடுத்தார். அன்றிலிருந்து அவர் எல்லோருக்கும் டாக்டரம்மா.

மைத்துனனுக்கு நாற்பதை நெருங்குகிற வயது. கீழே நகரத்தில் கொத்தனார். மண்ணைச் சீவக் கை பழகின ஆள் வேண்டும் என்று டாக்டரம்மா கேட்டதும் அக்காள்காரிதான் தம்பியை வரவழைத்தாள். அவளுக்கும் வேலை கிடைத்தது, தோண்டுகிறவர்களுக்குச் சமைத்துப் போடுவது. சோறு, பருப்பு, முட்டை, உருளைக்கிழங்கு; மறுநாள் உருளைக்கிழங்கு, முட்டை, பருப்பு, சோறு.

“அக்கா, வரிசையை மாத்திப் போட்டா வேற சாப்பாடு ஆயிடுமா?” என்பான் தம்பி.

“நீ கல்லு மாத்தி அடுக்கினா வேற வீடுன்னு காசு வாங்கறல்ல? தின்னு.”

வீட்டில் வாய் இருவருக்கும்தான். வாட்சர் பேச மாட்டார். மைத்துனன் அவருக்கு வைத்திருந்த பெயர் கல்லுளிமங்கன். நேரிலேயே சொல்வான். அதற்கும் அவர் சிரிக்க மாட்டார், கோபிக்கவும் மாட்டார்.

முதலில் ஒரு சரிந்த குவியலைத் திறந்தார்கள். கல்லை ஒவ்வொன்றாக எண் போட்டு எடுத்து வைத்தபின், மண்ணை வெட்டாமல் தோலை உரிப்பதுபோலச் சீவச் சொன்னார் டாக்டரம்மா. ஓட்டுச் சில்லுகள் கிடைத்தன, நாலைந்து மணிகள் கிடைத்தன. எலும்பு ஒன்றுகூட இல்லை. ஆனால் அடியில், சிவந்த மண்ணின் நடுவே, கறுப்பாக ஒரு கறை தெரிந்தது. தண்ணீர் தெளித்ததும் அது ஆள் வடிவம் ஆயிற்று. ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை மடக்கிய ஆள்.

“இங்க மண்ணு புளிச்ச மண்ணு. மழை வேற. எலும்பைத் தின்னுடும்,” என்றார் டாக்டரம்மா. “ஆளோட நிழலை மட்டும்தான் விட்டு வைக்கும். இதுகூட வெயில் பட்டுக் காஞ்சா மறைஞ்சுடும்.”

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். வாட்சர் மட்டும் அந்த மடங்கிய முழங்காலையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் அன்று அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டின்போது டாக்டரம்மா குஷியாக இருந்தார். “அடுத்தது ஏழாம் நம்பர் குவியலைத் திறக்கறோம். மேட்டுலயே அதுதான் கலையாம முழுசா நிக்குது. சின்னது, ஆனா அழகான அடுக்கு. கல்லுல பாசி மட்டும் கொஞ்சம் ஒரு மாதிரியா இருக்கு. பாப்போம்.”

வாட்சர் மனைவி பருப்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டி அப்படியே நின்றது. தம்பியின் தட்டில் பருப்பு வழிந்து தொடையில் கொட்டியது. அவன் சுட்டுவிட்டது என்று கத்தவில்லை. அவனுக்கும் தெரியும்.

ஏழாம் நம்பரில் படுத்திருந்தது அவர்களுடைய பாப்பா.

இருபது வருஷம் இருக்கும். ஒரு பெருமழையில் பாதை சரிந்து, கீழே போகிற பாலத்தைக் காட்டாறு கொண்டுபோய்விட்டது. அதே வாரத்தில் குழந்தைக்குக் காய்ச்சல், தாய்க்கும் அதே காய்ச்சல். தாய் நினைவில்லாமல் கிடந்தாள். வாட்சர் மூன்று வயதுப் பிள்ளையைத் தோளில் போட்டு, மேலே தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு ஆறு வரைக்கும் போனார். அக்கரையில் நின்றவர்கள் கையை அசைத்தார்கள், அவ்வளவுதான் முடிந்தது. திரும்பி வருகிற வழியில் தோளில் சூடு குறைந்தது. காய்ச்சல் விட்டதாக்கும் என்று அந்த மனுஷர் கொஞ்ச தூரம் சந்தோஷமாகவே நடந்திருக்கிறார். இதை எழுதும்போது எனக்கே தாங்கவில்லை. சுமந்தவர் எப்படித் தாங்கினார் என்று தெரியவில்லை.

கீழே எங்கு தோண்டினாலும் தண்ணீர் ஊறியது. மேட்டில்தான் மண் இருந்தது. காப்புக்காட்டில் யாரையும் புதைக்கக் கூடாது. புதைத்தாலும் பன்றி விடாது. ஆகவே பக்கத்தில் சரிந்து கிடந்த பழைய குவியலின் கற்களை எடுத்து வந்து, பழகின கையால் பழைய மாதிரியே அடுக்கிவிட்டார். பன்றியும் அண்டவில்லை, அதிகாரியும் கண்டுபிடிக்கவில்லை. எத்தனையோ ஆயிரம் வருஷத்துக் கல்லறைகளோடு அதுவும் ஒன்றாக நின்றது. தாய் மட்டும் புல் பிடுங்குகிற சாக்கில் போய் அதனிடம் பேசிவிட்டு வருவாள். மாமாவுக்குப் பொண்ணு பாத்தாச்சுடி என்பாள். மழை வரப்போகுது, பயப்படாதே என்பாள்.

அன்று சாயங்காலம் சாய்ப்பில் பாத்திரம் கழுவிக்கொண்டே அவள் கேட்டாள்.

“என்னங்க பண்ணப் போறீங்க?”

“ஒண்ணும் பண்ணப் போறதில்ல.”

“தோண்டப் போறாங்க. காதுல விழுந்துதா இல்லையா?”

“விழுந்துது.”

“விழுந்துதுன்னா? பெத்த புள்ளைக்கு நம்பர் போட்டுச் சுண்ணாம்புல எழுதி வச்சிருக்காங்க. நீங்க அந்தச் சுண்ணாம்பு டப்பாவைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க. நான் பாத்தேன்.”

வாட்சர் அடுப்பில் விறகைத் தள்ளினார். “அங்க ஒண்ணும் இருக்காதும்மா. மண்ணு தின்னுடும்னு டாக்டரம்மாவே சொல்லுதுல்ல. ஒண்ணுமில்லன்னு மூடிட்டுப் போயிடுவாங்க. நாம வாயைத் திறந்தா வேலை போகும். பழைய கல்லைத் தொட்டதுக்குக் கேஸு வேற. எங்க போவோம்?”

“வேலைதான் பெருசா?”

“வேலை போனா இங்க இருக்க முடியாது. அவளை விட்டுட்டுப் போகணும். யோசிச்சுப் பாரு.”

அவள் கை நின்றது. அது நியாயம்தான் என்று அவளுக்கும் பட்டது. ஆனாலும் சொன்னாள்: “யாருன்னே தெரியாம, யாரோ ஒரு பழங்காலத்து ஆளுன்னு நெனச்சுக்கிட்டு அவளைச் சுரண்டறதை நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு, டீ வேணுமாம்மான்னு கேக்கணுமா? என்னால முடியாது. தெரிஞ்சு திறக்கட்டும். மெதுவாத் திறக்கட்டும். அது போதும்.”

“நீ சொல்லக் கூடாது.”

“ஏன் கூடாது? வேலை, கேஸு அதெல்லாம் விடுங்க. வேற என்னமோ இருக்கு உங்ககிட்ட.”

கல்லுளிமங்கன் எழுந்து வெளியே போய்விட்டார்.

காலையில் மேட்டுக்கு டீ கொண்டுபோனபோது அவள் சொல்லிவிட்டாள். அழுது புரண்டெல்லாம் சொல்லவில்லை. டம்ளரைக் கையில் கொடுத்து, “அம்மா, அந்த ஏழாம் நம்பரு எங்க பொண்ணு,” என்றாள்.

டாக்டரம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “பாசி ஒரு மாதிரியா இருக்கேன்னு எனக்கு உறுத்திக்கிட்டேதான் இருந்துது,” என்றார். “அது மேலதான் நேத்து நான் ஏறி நின்னு போட்டோ எடுத்தேன். என்னை மன்னிச்சுடுங்க.”

நல்ல மனுஷிதான். ஆனால் நல்ல மனுஷிக்கும் மேலதிகாரி உண்டு. விஷயம் கீழே போயிற்று. ஜீப்பில் ஓர் அதிகாரி வந்து பார்த்தார். இத்தனை வருஷ சர்வீஸை நினைத்துக் கேஸ் வேண்டாம் என்றார். ஆனால் பாதுகாக்கப்பட்ட இடத்தில் புதுக் கல்லறை இருக்க முடியாது. பழைய கற்கள் பழைய குவியலுக்கே போக வேண்டும். குழந்தையை எடுத்துக் கீழே நகரத்து இடுகாட்டில் புதைத்துக்கொள்ள வேண்டும். இடுகாட்டில் நல்ல இடமாகத் தானே சொல்லி வைப்பதாகவும் சொன்னார். அதிலும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

தாய்க்கு அது ஒரு விதத்தில் ஆறுதலாகக்கூட இருந்தது. பெட்டியைத் திறந்து, பூப்போட்ட மெல்லிய துணி ஒன்றை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டாள். “அன்னைக்குத்தான் நான் பாக்கல. இப்பவாவது என் கையால சுத்தி மடியில வச்சுக் கொண்டுபோறேன்,” என்று தம்பியிடம் சொன்னாள். “ஜீப்பில முன்சீட்டு கேட்டுருக்கேன். பின்னாடி உக்காந்தா குலுங்கும்.”

கற்களை எடுக்கிற நாள் காலையில் வாட்சரும் மைத்துனனும் ஓடையிலிருந்து தண்ணீர்க் குடங்களைத் தூக்கிக்கொண்டு மேடேறினார்கள். பாதி வழியில் வாட்சர் குடத்தை இறக்கி வைத்தார்.

“மாப்ள, ஒரு உபகாரம் பண்ணணும்.”

இருபது வருஷத்தில் அவர் அப்படிக் கேட்டதே இல்லை. மைத்துனனும் குடத்தை இறக்கினான்.

“சொல்லுங்க மாமா.”

“கடைசி மண்ணு நீதானே சீவுவ? நிழல் தெரிஞ்சுதுன்னா, உங்கக்கா வர்றதுக்குள்ள ஒரு இழுப்பு இழுத்துக் கலைச்சு விட்டுடு. கை தவறிடுச்சுன்னு சொல்லிடலாம்.”

“என்ன மாமா பேசறீங்க? அவளுக்குன்னு மிஞ்சினது அது ஒண்ணுதான். அதையும் அழிக்கச் சொல்றீங்களா?”

வாட்சர் குடத்தின் வாயில் விழுந்திருந்த இலையை எடுத்தார். மறுபடி எதையோ எடுப்பதுபோலக் கையை விட்டார்.

“குழி பத்தல மாப்ள.”

“என்னது?”

“அடியில பாறை. என்கிட்ட உடைஞ்ச மம்முட்டி ஒண்ணுதான் இருந்துது. தோண்டத் தோண்ட மழைத்தண்ணி ரொம்புது. வீட்டுல உங்கக்கா உயிரோட இருக்காளா இல்லையான்னே தெரியல. மூணு வயசுப் புள்ளை எவ்வளவு நீளம் இருக்கும்? அந்த நீளம் கூட என்னால தோண்ட முடியல. அதுக்குள்ள அவ கையும் காலும் விறைச்சிருந்துது. நான்தான்...” அவர் நிறுத்தினார். தம் இரண்டு கையையும் முன்னால் வைத்து எதையோ அழுத்துவதுபோலக் காட்டினார். “மடக்கி வச்சேன்.”

மைத்துனன் அந்தக் கைகளையே பார்த்தான்.

“உங்கக்கா கண்ணு முழிச்சதும் கேட்ட முதல் கேள்வி, எப்படிப் படுக்க வச்சீங்க. காலை நீட்டிச் சௌகரியமாப் படுக்க வச்சேன்னு சொன்னேன். கம்பளிக் கோட்டை விரிச்சு, மெத்தை மாதிரின்னு சொன்னேன். அதை வச்சுத்தான் அவ இத்தனை வருஷம் பொழைச்சா. அன்னைக்கு மத்தக் குவியல்ல அந்த ஆளு முட்டியை மடக்கிப் படுத்திருந்ததைப் பாத்தல்ல? அப்படியே பாக்கப் போறா மாப்ள. நான் என்ன பண்ணுவேன்?”

“நீங்களே சொல்லிடுங்க மாமா.”

“வாய் வரல. வந்திருந்தா எப்பவோ சொல்லியிருப்பேன்.”

மைத்துனன் குடத்தைத் தூக்கினான். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

கற்களை வேறு யாரும் தொட வாட்சர் விடவில்லை. ஒவ்வொன்றையும் நெஞ்சோடு அணைத்துத் தூக்கிப் போய்ப் பழைய குவியலில் வைத்தார். எது எங்கிருந்து எடுத்தது என்பதும் அவருக்கு நினைவிருந்தது. வெயில் ஏறியதும் கல் எல்லாம் போய், ஈரமான வட்டம் மட்டும் மிச்சமாயிற்று. டாக்டரம்மா மேலே தார்ப்பாயைக் கட்டி நிழல் செய்தார். மைத்துனன் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, கொத்துக்கரண்டியை எடுத்துச் சீவத் தொடங்கினான்.

முழங்கை ஆழம்கூடப் போகவில்லை. கம்பளியின் நூல் கொஞ்சம் வந்தது. ஒரு பொத்தான் வந்தது. அப்புறம் மண் நிறம் மாறியது. மைத்துனன் கையால் தண்ணீர் தெளித்தான். பானை அடியில் பிடித்த கரிபோல முதலில் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. பிறகு தலை தெரிந்தது. முதுகு தெரிந்தது. வயிற்றோடு ஒட்டினாற்போல முழங்கால் தெரிந்தது. எல்லாம் சேர்ந்து ஒரு தலையணை அளவுக்குத்தான் இருந்தது.

டாக்டரம்மா கேமராவை எடுக்கத் திரும்பியிருந்தார். கீழே பாதையில் அக்காள் மடித்த துணியோடு ஏறி வந்துகொண்டிருந்தாள். ஒரே இழுப்பு போதும். மைத்துனன் நிமிர்ந்து வாட்சரைப் பார்த்தான். வாட்சர் கண்ணாலேயே கெஞ்சினார். எத்தனையோ சுவர்களைத் தயங்காமல் இடித்த கைதான் அது. கரண்டியை அந்த முழங்கால் பக்கம் கொண்டுபோனான். போன கை அங்கேயே நின்றுவிட்டது. அவனால் முடியவில்லை. கரண்டியை மேட்டில் வைத்துவிட்டு மேலேறி வந்து அவர் பக்கத்தில் நின்றுகொண்டான்.

அவள் வந்து குழியோரம் மண்டியிட்டாள்.

“எங்க?” என்றாள்.

டாக்டரம்மா மெதுவாகக் காட்டினார். “இதுதாம்மா. இது தலை. இது முதுகு. எலும்பு எதுவும் மிஞ்சல. இதை எடுக்க முடியாது, கை வச்சா மண்ணோட மண்ணாப் போயிடும். எடுத்துட்டுப் போக ஒண்ணும் இல்லன்னு நான் சொல்லிடறேன். இங்கயே மூடிடலாம். மேல கல்லு மட்டும் வைக்கக் கூடாது.”

“மடியில வச்சுக் கொண்டுபோலாம்னு நெனச்சேன்,” என்றாள் அவள்.

அவள் குனிந்து, தொடாமல், அந்த வடிவத்தின் மேலேயே விரலைக் கொண்டுபோனாள். தலையிலிருந்து கழுத்து, கழுத்திலிருந்து முதுகு, முதுகிலிருந்து இடுப்பு. இடுப்பைத் தாண்டி நேராகப் போன விரலுக்குக் கீழே ஒன்றுமில்லை. விரல் திரும்பி வந்து முழங்காலைக் கண்டுபிடித்தது.

“காலு மடங்கியிருக்கே,” என்றாள்.

வாட்சர் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். “குழி பத்தலம்மா,” என்றார். “பாறை. மழை வேற. நீட்டிப் படுக்க வச்சேன்னு உன்கிட்ட சொன்னது பொய். நான்தான் அவளை மடக்கி...” நனைந்த முரட்டுத் துணியைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம் அவர் தொண்டையிலிருந்து வந்தது. அவர் அழுது மைத்துனன் பார்த்ததில்லை. மனைவியும்தான் பார்த்ததில்லை.

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். மண் காயத் தொடங்கி, பாதப் பக்கம் ஏற்கெனவே வெளுத்துக்கொண்டிருந்தது.

“அதுக்கென்ன,” என்றாள். “அவ எப்பவும் அப்படித்தானே தூங்குவா. முட்டியை வயித்தோட இடுக்கிக்கிட்டு, சுருண்டுக்கிட்டு. மறந்துட்டீங்களா?”

மைத்துனனுக்கு மறக்கவில்லை. அந்த வருஷங்களில் அவன் பாதி நாள் இந்த வீட்டில்தான் கிடந்தான். நாலு பேருக்கும் ஒரே பாய். பிள்ளை கையையும் காலையும் நாலு பக்கமும் விரித்துப் போட்டுக்கொண்டு தூங்கும். ஒரு கால் அவன் முகத்தில், ஒரு கை அப்பன் வாயில். குளிருக்குக்கூட ஒருநாளும் அது காலை மடக்கியதில்லை; போர்த்தினாலும் உதைத்துத் தள்ளிவிடும். இவளுக்கு ஒரு மைதானம் வேணும்டா என்று சொல்லி, அக்காள் பாயை விட்டு வெறுந்தரைக்கு நகர்ந்து படுப்பாள். அந்தப் பாயில் படுத்த மூன்று பேரும்தான் இப்போது குழியைச் சுற்றி இருந்தார்கள்.

அவள் துணியை உதறி விரித்தாள். மறுபடியும் கேட்டாள், இந்தத் தடவை தம்பியைப் பார்த்து.

“இல்லையாடா?”

“ஆமாக்கா,” என்றான் அவன். “அப்படித்தான் தூங்குவா.”